பதினோராவது பொருத்தம்

எதிர்வீட்டு மாமி போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தாள். முகத்தில் பாதி சந்தோஷம், பாதி கவலை. பெண்ணுக்கு வரன் குதிர்ந்திருக்கிறது. பிள்ளை கனடாவில் மேல் படிப்புப் படித்துத் தேறி, அங்கேயே உத்தியோகமும் பார்க்கிறான். நல்ல குடும்பம். ஜாதகத்தில் பத்துக்கு எட்டுப் பொருத்தம் இருக்கிறதாம். தை மாதம் முகூர்த்தம் வைத்துக் கொள்ளலாம் என்று பேச்சு.

"பின்னே என்ன மாமி கவலை?" என்று கேட்டேன்.

"எல்லாம் சரிதான் அம்மா. ஆனால் இவள் ஆறு வருஷமாக பாங்கியிலே வேலை பார்க்கிறாள். கை நிறையச் சம்பளம். 'அங்கே போனால் எனக்கும் வேலைக்குப் போக அனுமதி உண்டா? இல்லாவிட்டால் நாள் பூராவும் ஜன்னல் வழியே பனியைப் பார்த்துக் கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதானா?' என்று கேட்கிறாள். கல்யாணத் தரகர், 'கனடாவிலே பெண்டாட்டிகள் எல்லாருக்கும் வேலை உண்டு' என்கிறார். பிள்ளையின் அம்மா, 'அதெல்லாம் தானாகக் கிடைக்கும்' என்கிறாள். நீ நாலு பத்திரிகை படிக்கிறவளாச்சே, கொஞ்சம் விசாரித்துச் சொல்லேன்!"

விசாரித்தேன். மாமிக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்லுகிறேன். ஏனென்றால், உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெண் இருக்கலாம். அல்லது உங்கள் தங்கைக்கோ, நாத்தனாருக்கோ இதே கேள்வி நாளைக்கு வரலாம்.

முதலில் பதிலைச் சொல்லி விடுகிறேன். கனடாவில் படித்துத் தேறிய வெளிநாட்டுப் பிள்ளையின் மனைவிக்கு வேலை அனுமதி கிடைக்கலாம். ஆனால் அது தானாகக் கிடைப்பதில்லை, எல்லாருக்கும் கிடைப்பதுமில்லை. அதில் வேடிக்கை என்ன தெரியுமா? பெண் எவ்வளவு படித்திருக்கிறாள், எத்தனை வருஷம் உத்தியோகம் பார்த்தாள் என்று யாரும் கேட்பதில்லை. கணவன் எந்த வேலையில் இருக்கிறான், அவனுடைய அனுமதிச் சீட்டில் இன்னும் எத்தனை மாதம் பாக்கி இருக்கிறது என்ற இரண்டைத்தான் பார்க்கிறார்கள். இந்த இரண்டையும் நிச்சயதார்த்தத்துக்கு முன்பே கேட்டுத் தெரிந்து கொள்ள வேண்டும்.

படித்துத் தேறியவனுக்கு என்ன சீட்டு?

கனடாவுக்குப் படிக்கப் போகிறவர்கள் படிப்பு முடிந்ததும் அங்கேயே சில காலம் வேலை பார்க்க ஒரு சீட்டு வாங்கலாம். அதற்குப் 'பட்டம் பெற்ற பின் ஒர்க் பர்மிட்' என்று பெயர். பிள்ளைகள் சுருக்கமாக 'பி.ஜி.டபிள்யூ.பி.' என்பார்கள். இதை ஆயுளில் ஒரே ஒரு தரந்தான் கொடுப்பார்கள். படிப்பு முடிந்ததற்கு அத்தாட்சி வந்த 180 நாளுக்குள் மனுச் செய்ய வேண்டும்.

எவ்வளவு காலத்துக்குக் கொடுக்கிறார்கள் என்பது படிப்பின் நீளத்தைப் பொறுத்தது. படிப்பு 8 மாதத்துக்குக் குறைந்தால் சீட்டே கிடையாது. 8 மாதத்துக்கு மேல், 2 வருஷத்துக்குள் என்றால், படிப்பு எத்தனை மாதமோ ஏறக்குறைய அத்தனை மாதம். 2 வருஷமோ அதற்கு மேலோ படித்திருந்தால் 3 வருஷம். 2024 பிப்ரவரி 15 முதல் ஒரு சலுகையும் செய்தார்கள். 'மாஸ்டர்ஸ்' பட்டம் படித்தவர்களுக்குப் படிப்பு 2 வருஷத்துக்குக் குறைவாக இருந்தாலும் 3 வருஷச் சீட்டு உண்டு.

இங்கே ஒரு சின்ன விஷயம். சீட்டின் காலம் பாஸ்போர்ட்டின் காலத்தைத் தாண்டிப் போகாது. பிள்ளைக்கு 3 வருஷம் தகுதி இருந்தும், பாஸ்போர்ட் ஒன்றரை வருஷத்தில் காலாவதியாகுமானால், சீட்டும் அந்தத் தேதியோடு நின்று விடும். பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துக் கொண்டு, பாக்கிக் காலத்துக்கு மறுபடி மனுப் போட வேண்டும். இதைக் கவனியாமல் விட்டவர்களுக்குக் கல்யாண சமயத்தில்தான் தலைவலி.

மனைவிக்கு எப்போது?

கணவனின் சீட்டை வைத்து மனைவி கேட்டுப் பெறுவது 'ஓபன் ஒர்க் பர்மிட்'. அதாவது, ஒரே ஒரு முதலாளியிடம் கட்டிப் போடாத, திறந்த அனுமதி. ஆபீஸிலும் வேலை பார்க்கலாம், கடையிலும் பார்க்கலாம். பிடிக்காவிட்டால் விட்டு விட்டு வேறு இடம் தேடலாம். பெண்களுக்கு இது பெரிய சௌகரியம். முன்கூட்டியே ஒரு முதலாளியைப் பிடித்து, 'இவளுக்கு வேலை கொடுக்கிறேன்' என்று எழுதி வாங்கிக் கொண்டு போக வேண்டியதில்லை.

இந்தச் சீட்டின் கதவு சில வருஷங்களில் அகலத் திறந்து மறுபடி குறுகியிருக்கிறது. 2023 ஜனவரியில் கனடா சர்க்கார், கணவன் எந்தப் படியில் வேலை பார்த்தாலும் மனைவிக்கு அனுமதி தரலாம் என்று விதியை விரித்தது. கடைச் சிப்பந்தியின் மனைவிக்குக்கூட அப்போது கிடைத்தது. கல்யாணத் தரகர் சொன்னது அந்தக் காலத்துச் சமாசாரம். 2025 ஜனவரி 21 முதல் விதியைச் சுருக்கி விட்டார்கள். அன்று முதல் இரண்டு ஷரத்துகள்: ஒன்று, கணவனின் வேலை குறிப்பிட்ட படிகளில் இருக்க வேண்டும். இரண்டு, மனைவியின் மனு போய்ச் சேரும் நாளில் கணவனுக்கு இன்னும் 16 மாதமாவது வேலை பார்க்க அனுமதி பாக்கி இருக்க வேண்டும்.

'கணவன், மனைவி' என்று நான் எழுதுவது நம் வீட்டு வழக்கத்தை ஒட்டித்தான். சட்டத்தில் அந்தப் பேதம் இல்லை. படித்துத் தேறி அங்கே வேலை பார்ப்பவள் உங்கள் பெண்ணாக இருந்து, மாப்பிள்ளை பின்னால் போகிறவராக இருந்தாலும் இதே விதிதான்.

வேலைக்கும் படிக்கட்டு உண்டு

கனடாவில் உள்ள தொழில்களையெல்லாம் சர்க்கார் ஒரு பெரிய பட்டியலாகப் போட்டு வைத்திருக்கிறது. ஒவ்வொரு தொழிலுக்கும் 5 இலக்கமுள்ள ஓர் எண். 2022 நவம்பரிலிருந்து குடியேற்ற இலாகா இந்தத் தொழில்களை 0 முதல் 5 வரை ஆறு படிகளாகப் பிரித்துப் பார்க்கிறது. இந்தப் படிக்கு 'டீயர்' என்று பெயர். நம் ஊர்ப் பரீட்சையில் பெரிய எண் வாங்கினால் பெருமை. இங்கே எண் சிறியதாக இருந்தால்தான் பெருமை!

0 என்பது மானேஜர் உத்தியோகம். 1 என்பது சாதாரணமாகச் சர்வகலாசாலைப் பட்டம் வேண்டிய வேலைகள்: கணினி இன்ஜினீயர், கட்டிட இன்ஜினீயர், கணக்குத் தணிக்கையாளர், ரிஜிஸ்டர் செய்த நர்ஸ் முதலியவர்கள். கணவன் இந்த இரண்டு படிகளில் இருந்தால் மனைவிக்கு முதல் ஷரத்து நிறைவேறி விட்டது.

2, 3 ஆகிய படிகளில் எல்லாருக்கும் இல்லை. ஆள் பற்றாக்குறை உள்ள சில துறைகளுக்கு மட்டும் உண்டு. விஞ்ஞானமும் தொழில் நுட்பமும், கட்டிட வேலை, வைத்தியம், கல்வி, சுரங்கம் காடு போன்ற இயற்கை வளத் தொழில்கள், விளையாட்டு, ராணுவம் ஆகியவை அந்தத் துறைகள். அவற்றிலும் சர்க்கார் பட்டியலில் பெயர் உள்ள தொழிலாக இருக்க வேண்டும். எலக்ட்ரீஷியன், கணினி நெட்வொர்க் டெக்னீஷியன், ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு உதவி செய்பவர், குழந்தைகள் பள்ளி ஆசிரியை ஆகியோர் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். ஆனால் அதே 2, 3 படிகளில் இருக்கும் கடை மேற்பார்வையாளரும் ஹோட்டல் சமையற்காரரும் அதில் இல்லை. 4, 5 ஆகிய படிகளில், அதாவது கடையில் சாமான் விற்பது, காசு வாங்கிப் போடுவது, துப்புரவு செய்வது போன்ற வேலைகளில் இருப்பவர்களின் மனைவிகளுக்கு இந்த வழியில் அனுமதி கிடையாது.

கை வேலை செய்கிறவர்களைக் குறைத்துச் சொல்வதாக யாரும் நினைக்கக் கூடாது. எந்த ஊரிலும் உழைப்பு உழைப்புத்தான். படிப்பு முடிந்த புதிதில் பல பிள்ளைகள் வாடகை கொடுப்பதற்காகக் கடையிலோ ஹோட்டலிலோ நிற்கத்தான் செய்கிறார்கள். அது கௌரவக் குறைவல்ல. ஆனால் அந்த வேலையில் இருக்கும் வரையில் மனைவிக்குச் சீட்டு வராது என்ற உண்மையைப் பெண் வீட்டாரிடம் மறைக்கக் கூடாது.

இன்னொரு சங்கதி. ஆபீஸில் கொடுத்திருக்கும் பட்டப் பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. 'மானேஜர்' என்று சட்டையில் வில்லை குத்திக் கொண்டிருந்தாலும், அவர் தினமும் உண்மையில் என்ன செய்கிறார் என்பதைத்தான் குடியேற்ற அதிகாரி பார்ப்பார். முதலாளி தரும் கடிதத்தில் வேலையின் விவரம் இருக்கும். அந்த விவரம் எந்தத் தொழில் எண்ணோடு பொருந்துகிறதோ அதுதான் படி.

பதினாறு மாதக் கணக்கு

இரண்டாவது ஷரத்தில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். பென்சிலை எடுத்துக் கொள்ளுங்கள். மளிகைக் கணக்குப் போடுகிற நமக்கு இது பெரிய கணக்கல்ல.

3 வருஷச் சீட்டு என்றால் 36 மாதம். மனைவி மனுப் போடும்போது 16 மாதம் பாக்கி இருக்க வேண்டும். ஆகவே, சீட்டு கைக்கு வந்த நாளிலிருந்து 20 மாதத்துக்குள் மனுப் போய்ச் சேர வேண்டும். 20 மாதம் நிறைய என்று தோன்றும். ஆனால் தகுந்த வேலை கிடைக்கச் சில மாதம் ஓடி விடும். அப்புறம் பெண் தேடுவது, ஜாதகம் பார்ப்பது, லீவு வாங்கிக் கொண்டு ஊருக்கு வருவது, நல்ல நாள் பார்ப்பது... 20 மாதம் எங்கே போயிற்று என்றே தெரியாது.

ஒரு வருஷ டிப்ளமா மட்டும் படித்தவருடைய நிலைமை இன்னும் கஷ்டம். அவருக்குக் கிடைக்கும் சீட்டே சுமார் 12 மாதம். 12 மாதச் சீட்டில் 16 மாதம் எப்படிப் பாக்கி இருக்கும்? அந்தச் சீட்டை மட்டும் நம்பி, முதல் நாளே மனுப் போட்டாலும் மனைவிக்கு இந்த வழி அடைபட்டதுதான். 'கனடாவில் படித்தவர்' என்று பத்திரிகையில் அச்சடித்தால் ஒரு வருஷம் படித்தவரும் இரண்டு வருஷம் படித்தவரும் ஒன்றாகத்தான் தெரிவார்கள். பெண்ணின் உத்தியோகத்துக்கு அந்த ஒரு வருஷ வித்தியாசம் மலையும் மடுவும்.

கணவன் கனடாவில் நிரந்தர வாசத்துக்கு மனுச் செய்து, அது சில கட்டங்களைத் தாண்டியிருந்தால் அப்படிப்பட்டவர்களின் மனைவிகளுக்கு வேறு விதிகள் உண்டு. பிள்ளை வீட்டார், 'பி.ஆர். போட்டிருக்கிறான்' என்று சொன்னால், எந்தப் பிரிவில், எந்தக் கட்டத்தில் என்று கேளுங்கள். போடப் போகிறான் என்பதும் போட்டாயிற்று என்பதும் ஒன்றல்ல.

படித்துக் கொண்டிருக்கும்போதே கல்யாணம் என்றால்?

பிள்ளை இன்னும் மாணவனாக இருக்கும்போதே விவாகம் நடந்தால் அதற்கு வேறு கணக்கு. முன்பு மாணவர்களின் மனைவிகளுக்குத் தாராளமாக அனுமதி கிடைத்து வந்தது. 2024 மார்ச் 19 முதல் அதைப் பெரும்பாலும் மேற்பட்டப் படிப்புகளுக்கென்று குறைத்தார்கள். 2025 ஜனவரி 21 முதல், 16 மாதமோ அதற்கு மேலோ நீளமுள்ள மாஸ்டர்ஸ் படிப்பு, டாக்டர் பட்டப் படிப்பு, குறிப்பிட்ட சில தொழிற்பட்டங்கள் ஆகியவற்றில் சேர்ந்திருப்பவர்களின் மனைவிகளுக்கு மட்டும் என்று ஆகியிருக்கிறது. காலேஜ் டிப்ளமா படிக்கும் மாணவனின் மனைவிக்கு, மாணவன் மனைவி என்ற முறையில் இப்போது வேலை அனுமதி இல்லை.

சேர்த்து வைக்க வேண்டிய காகிதங்கள்

கல்யாணத்தில் சீர் வரிசைப் பாத்திரங்களை எண்ணி அடுக்குகிற மாதிரி, இந்தக் காகிதங்களையும் ஒரு உறையில் அடுக்கி வையுங்கள்.

முதலாவது, விவாகப் பதிவுச் சான்றிதழ். தமிழ்நாட்டில் 2009-ஆம் வருஷச் சட்டப்படி எல்லா விவாகங்களையும் 90 நாளுக்குள் பதிவு செய்தாக வேண்டும். தொண்ணூறாவது நாள் வரை காத்திருக்க வேண்டாம். மறுவீடு முடிந்ததும் பதிவு ஆபீஸுக்குப் போய் வாருங்கள். சான்றிதழ் இங்கிலீஷில் இல்லாவிட்டால் மொழிபெயர்ப்பும் சேர்க்க வேண்டும்.

இரண்டாவது, இது உண்மையான தாம்பத்தியம் என்று காட்டும் சான்றுகள். முகூர்த்தப் படங்கள், அழைப்பிதழ், இருவரும் பேசிக் கொண்டதற்கும் பழகியதற்கும் அடையாளங்கள் இவையெல்லாம் உதவும். சீட்டுக்காகச் செய்து கொள்ளும் பொம்மைக் கல்யாணங்கள் உலகத்தில் உண்டல்லவா? அதனால்தான் இந்தச் சோதனை.

மூன்றாவது, கணவனுடைய ஒர்க் பர்மிட் நகல், முதலாளியின் கடிதம், அண்மைச் சம்பளச் சீட்டுகள்.

நான்காவது, பெண்ணின் பாஸ்போர்ட். இதிலும் காலத்தைப் பாருங்கள். அவளுக்குக் கிடைக்கும் சீட்டு கணவனின் சீட்டு முடியும் நாளுக்கு மேலும் போகாது, அவளுடைய பாஸ்போர்ட் முடியும் நாளுக்கு மேலும் போகாது. முகவரி மாற்றுவதாக இருந்தால் அதையெல்லாம் முதலில் முடித்துக் கொண்டு, புதுப் பாஸ்போர்ட்டோடு மனுப் போடுவது நல்லது.

இவை தவிர கை ரேகை, புகைப்படம் கொடுக்க வேண்டும். கனடா சர்க்கார் அங்கீகரித்த டாக்டரிடம் உடம்புப் பரிசோதனையும் செய்து கொள்ள வேண்டும். குழந்தைகளைப் பராமரிப்பது, பள்ளியில் கற்பிப்பது, ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பது போன்றவற்றுக்கு இந்தப் பரிசோதனை இல்லாமல் அனுமதி தர மாட்டார்கள். வீட்டு டாக்டர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அவருடைய கடிதம் இதற்குச் செல்லாது.

இங்கிருந்தே மனுப் போட்டு அனுமதியானால், முதலில் ஒரு கடிதந்தான் வரும். உண்மையான சீட்டை அங்கே விமான நிலையத்தில் அச்சடித்துக் கொடுப்பார்கள். பதினைந்து மணி, இருபது மணி நேரம் பிரயாணம் செய்த அலுப்பில் அதை வாங்கிக் கைப்பையில் திணித்து விடக் கூடாது. பெயர், பிறந்த தேதி, முடியும் தேதி, எந்த வேலைக்குத் தடை என்று எழுதியிருக்கிறது என்பதையெல்லாம் அந்த மேஜைக்கு எதிரிலேயே நின்று படித்துப் பார்க்க வேண்டும். தப்பு இருந்தால் அப்போதே சொன்னால் திருத்துவது சுலபம். பிறகு 'சின்' என்னும் 9 இலக்க எண்ணை வாங்க வேண்டும். அது இல்லாமல் யாரும் வேலை பார்க்க முடியாது.

அனுமதி வேறு, தொழில் உரிமை வேறு

உங்கள் பெண் நர்ஸாகவோ, பள்ளி ஆசிரியையாகவோ, டாக்டராகவோ இருந்தால் இன்னொரு படி உண்டு. ஒர்க் பர்மிட் என்பது நாட்டில் வேலை பார்க்க அனுமதி. அந்தத் தொழிலைச் செய்ய உரிமை அல்ல. அதை அந்தந்த மாகாணத்துத் தொழில் சபை தான் தர வேண்டும். இங்கே பெற்ற பட்டத்தை மதிப்பிட வேண்டும். சில சமயம் பரீட்சையும் எழுத வேண்டும். சான்றிதழ்களையும் மார்க்கு விவரங்களையும் ஊரில் இருக்கும்போதே கல்லூரியிலிருந்து வாங்கி வைப்பது புத்திசாலித்தனம். கடல் தாண்டிய பிறகு கல்லூரி ஆபீஸ் குமாஸ்தாவிடம் காரியம் சாதிப்பது எவ்வளவு கடினம் என்று சொல்ல வேண்டியதில்லை.

கிடைக்காவிட்டால்?

கிடைக்காது என்று தெரிந்தால் கல்யாணத்தையே நிறுத்தி விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மனசுக்குப் பிடித்த பிள்ளையை ஒரு சீட்டுக்காக யாராவது வேண்டாம் என்பார்களா? ஆனால் பெண்ணுக்கு நிலைமை முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

வழிகள் சில உண்டு. விஸிட்டராகப் போனால் சாதாரணமாக 6 மாதம் வரை இருக்கலாம்; ஆனால் கனடா முதலாளி யாரிடமும் வேலை பார்க்கக் கூடாது. இங்கே உள்ள ஆபீஸ் சம்மதித்தால், அந்த வேலையை அங்கே வீட்டிலிருந்தபடியே கணினியில் அந்த 6 மாதம் செய்வதற்குத் தடை இல்லை. அவளே தன் பெயரில் தகுந்த படிப்பில் சேரலாம். அல்லது கணவன் தகுந்த படியில் வேலை தேடிக் கொள்ளும் வரையில் பெண் இங்கேயே உத்தியோகத்தில் இருக்கலாம். பிரிந்திருப்பது கஷ்டந்தான். ஆனால் நல்ல வேலையை ராஜினாமாச் செய்து விட்டுப் போய், ஒவ்வொரு காசுக்கும் கணவன் கையைப் பார்த்துக் கொண்டிருப்பதும் கஷ்டமே.

செய்யக் கூடாத வழி ஒன்று உண்டு. 'தெரிந்தவர் கம்பெனியில் மானேஜர் என்று ஒரு கடிதம் வாங்கித் தருகிறேன்' என்று சொல்லுகிற தரகர்கள் இருப்பார்கள். பொய்க் கடிதம் என்று கண்டுபிடித்தால் 5 வருஷத்துக்குக் கனடாவுக்குள் நுழையத் தடை. பணமும் போய், மானமும் போய், வழியும் அடைபட்டு விடும். பணம் வாங்கிக் கொண்டு ஆலோசனை சொல்ல உரிமை உள்ளவர்கள் கனடாவில் பதிவு பெற்ற வக்கீல்களும், குடியேற்ற ஆலோசகர்கள் சபையில் அங்கத்தினரானவர்களுந்தான். மற்றவர்களிடம் காபி சாப்பிட்டு விட்டு எழுந்து வாருங்கள்.

நாட்டுக்கு நாடு வேறு

'அமெரிக்காவில் என் ஓரகத்திப் பெண் போனாளே, அவளுக்கு...' என்று யாராவது ஆரம்பித்தால் நிறுத்துங்கள். ஒரு நாட்டு விதி இன்னொரு நாட்டுக்குப் பொருந்தாது. அமெரிக்காவில் மாணவராக இருந்து, படிப்பு முடிந்து பயிற்சிக் காலத்தில் வேலை பார்ப்பவரின் மனைவி 'எஃப்-2' விசாவில் போனால் வேலை பார்க்கவே முடியாது. அவர் 'எச்-1பி' ஆன பிறகும், 2015 மே மாதம் வந்த விதிப்படி, பச்சை அட்டை முயற்சியில் ஒரு கட்டத்தைத் தாண்டியவர்களின் மனைவிகளுக்குத்தான் அனுமதி. இங்கிலாந்தில் பட்டம் பெற்ற பின் தரும் விசாவில், மாணவராக இருந்தபோதே கூட இருந்த மனைவியைத்தான் சேர்த்துக் கொள்ளலாம். புதிதாகக் கல்யாணம் செய்து அழைத்துப் போக முடியாது. ஆஸ்திரேலியாவில் பட்டதாரி விசாவில் சேர்க்கப்பட்ட மனைவிக்கு வேலை உரிமை உண்டு. ஆக, அண்டை வீட்டு அனுபவம் ஆறுதலுக்கு உதவும், அத்தாட்சிக்கு உதவாது. மனுப் போடும் வாரத்தில் அந்த நாட்டுக் குடியேற்ற இலாகாவின் சொந்த இணையப் பக்கத்தைத் திறந்து, விதி அப்படியே இருக்கிறதா என்று பார்த்து விடுங்கள். இவ்வளவு தரம் மாறிய விதி இன்னொரு தரமும் மாறலாம்.

மாமி என்ன செய்தாள்?

இதையெல்லாம் சொன்னதும் மாமி சிறிது நேரம் மௌனமாக இருந்தாள். "இதைப் போய்ப் பிள்ளை வீட்டில் எப்படியம்மா கேட்பது? சம்பளத்தைக் கேட்கிற மாதிரி இருக்காதோ?" என்றாள்.

"மாமி, ரஜ்ஜு இருக்கிறதா, நாடி இருக்கிறதா என்று கேட்கிறோம். கோத்திரம் கேட்கிறோம். பிள்ளைக்குச் சர்க்கரை வியாதி உண்டா என்றுகூட ஜாடையாகக் கேட்கிறோம். இதைக் கேட்டால் என்ன? நீங்கள் கேட்க வேண்டாம். பெண்ணே பிள்ளையிடம் கேட்கட்டும்" என்றேன்.

அன்று இரவே பெண் டெலிபோனில் கேட்டாள். பிள்ளை கோபித்துக் கொள்ளவில்லை. "நானே சொல்லியிருக்க வேண்டும்" என்றானாம். மறு நாள் விவரங்கள் வந்து விட்டன. கணினி இன்ஜினீயர் வேலை. முதல் படியில் இருக்கிறது. சீட்டு முடிய, இந்த ஆவணியிலிருந்து சரியாக 20 மாதம் பாக்கி.

மாமி விரல் விட்டு எண்ணினாள். "புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, தை... அஞ்சு மாசம் போனால் பதினைஞ்சுதானே மிச்சம்!" என்று திடுக்கிட்டாள்.

ஆம், தை மாதம் கல்யாணம் என்றால் ஒரு மாதத்தில் தவறிப் போயிருக்கும். ஆறு வருஷ உத்தியோகம் பார்த்த பெண், ஒரு மாதக் கணக்குப் பிசகினதால் வீட்டோடு உட்கார்ந்திருப்பாள். யாருடைய குற்றமும் இல்லை. யாரும் கேட்கவில்லை என்பதுதான் குற்றம்.

இப்போது ஐப்பசியில் ஒரு நல்ல முகூர்த்தம் பார்த்திருக்கிறார்கள். மண்டபம் சின்னதுதான் கிடைத்தது. ஊரிலிருந்து வருகிறவர்களும் சிலர் குறைவார்கள். மாமிக்கு அதில் கொஞ்சம் மனக்குறை. ஆனால் கல்யாணத்துக்கு மறு வாரமே பதிவு செய்து, மனுவும் போய் விட்டால் கையில் ஒரு மாதத்துக்கு மேல் மிச்சம் இருக்கும். பெண் ராஜினாமாக் கடிதம் எழுதவில்லை. அனுமதிக் கடிதம் வரும் வரையில் லீவுதான் கேட்டிருக்கிறாள். அதற்கு மேல் அதிகாரிகள் என்ன சொல்வார்களோ, அது அவர்கள் கையில்.

நேற்று மாமி அழைப்பிதழ் மாதிரியைக் காட்ட வந்தாள். "ஜோசியர் எட்டுப் பொருத்தந்தான் சொன்னார். நீ சொன்னதையும் சேர்த்தால் பத்தாச்சு" என்று சிரித்தாள்.

அம்மணிகளே, உங்கள் வீட்டிலும் வெளிநாட்டில் படித்த வரன் வந்தால் ஜாதகத்தோடு இந்த இரண்டு வரிகளையும் ஒரு காகிதத்தில் குறித்துக் கொடுங்கள்: 'பிள்ளையின் வேலை எந்தப் படி? சீட்டு எந்தத் தேதியில் முடிகிறது?' கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். பெண் இத்தனை வருஷம் படித்ததும் உழைத்ததும் அந்த இரண்டு வரிப் பதிலில்தான் இருக்கிறது.